ஐந்தரை மணி பிந்திய கடிகாரம்

எங்கள் ஊழியர் சங்க மலரில், என்னோடு வேலை பார்த்த சுகந்தி எழுதிய கட்டுரையை மூன்று தடவை படித்துவிட்டேன். ஒரே கம்ப்யூட்டரில் பழைய சிஸ்டத்தையும் புதிய சிஸ்டத்தையும் சேர்த்து ஓட்டிய காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறாள். அதில் என்னைப் பற்றி ஒரு பத்தி. கடிகாரக் கோளாறைக் கண்டுபிடித்து ஒரு மதகுக் காவலாளியின் வேலையைக் காப்பாற்றியவர் ஜெசிந்தா அக்கா என்று.

அதைப் படித்துவிட்டுப் பழைய சிநேகிதிகள் நாலைந்து பேர் போன் செய்து பாராட்டினார்கள். சுகந்தி எழுதியதில் பொய் எதுவும் இல்லை. நடந்ததில் பாதியை எழுதவில்லை, அவ்வளவுதான். என் மானத்தைக் காப்பதற்காகத்தான் விட்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெருந்தன்மையும் அவள் கணக்கிலேயே சேரவேண்டுமா என்று இரண்டு நாள் தூக்கமில்லை. ஆகவே மீதிப் பாதியை நானே எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் டைப்ரைட்டிங் படித்து, தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் முடித்து, தேர்வெழுதி அரசு வேலைக்கு வந்தேன். முதல் ஒன்பது வருடத்தில் நான்கு அலுவலகம். கொடுத்ததை அடித்தேன், மாற்றல் வந்தால் போனேன். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு திருவிடைமருதூர் பக்கத்தில் ஒரு பாசன அலுவலகத்துக்கு வந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். அலுவலகத்தின் பெயரையும் வாய்க்காலின் பெயரையும் எழுதவில்லை. எங்கள் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

எங்கள் பொறுப்பில் பதினொரு தலைமதகுகள். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்தில் இருப்பது தலைமதகு. ஒவ்வொன்றுக்கும் ஒரு லஸ்கர், அதாவது மதகுக் காவலாளி. மதகுச் சுவரில் அடிக்கணக்குப் போட்ட கல் பதித்திருக்கும், அதைக் கேஜ் என்போம். காலை ஆறு மணிக்கு லஸ்கர் அதைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்குப் போன் செய்வார். "ஏழாம் நம்பர் மதகும்மா. மூணடி ரெண்டு. ஷட்டர் ரெண்டும் ஒன்றரை அடி தூக்கியிருக்கு." இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் வாய்க்காலில் எத்தனை கனஅடி போகிறது என்று அது கணக்குப் போட்டுக் கொடுக்கும். எட்டு மணிக்குள் பதினொரு மதகின் கணக்கும் கோட்ட அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். தண்ணீரைக் கூட்டவோ குறைக்கவோ அங்கிருந்து உத்தரவு வந்தால், நாங்கள் லஸ்கருக்குப் போன் செய்துவிட்டு அதையும் பதிய வேண்டும். உத்தரவு இல்லாமல் ஒரு லஸ்கர் ஷட்டரைத் தொடமுடியாது. மேலே ஷட்டரை இறக்கினால், கீழே கடைசி வயல்வரை தண்ணீர் எட்டவில்லை என்று கடைமடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

அந்த புரோகிராமை எழுதியவர் எங்களிடம் கொஞ்ச காலம் இருந்த ஓர் உதவிப் பொறியாளர். மாற்றலாகிப் போகும்போது எனக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். செய்தியின் நேரத்தை நாம் அடிக்க முடியாது. கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்த்து அதுவே போட்டுக்கொள்ளும். பிற்பாடு யாரும் மாற்ற முடியாது. பழைய விண்டோஸ் எக்ஸ்பியில்தான் அது ஓடும். வேறெதிலும் ஓடாது.

எங்கள் உதவி செயற்பொறியாளர் ராமலிங்கம் சார் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பேனாவை எடுக்கவே மாட்டார், எல்லாம் பென்சில்தான். தாளைப் படிக்கும்போது சந்தேகம் வந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி வைப்பார். என்ன தப்பு என்று சொல்லமாட்டார். தாளை நம் பக்கமாகத் திருப்பித் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாம் கண்டுபிடித்துத் திருத்தும்வரை திரும்பமாட்டார். காலை ஏழே முக்காலுக்கு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "என்ன ஜெசிந்தாம்மா, ஆறு என்ன சொல்லுது?" என்பார். ஆறு வருடம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆளாக நான் மட்டும்தான் இருந்தேன்.

பிறகு சுகந்தி வந்தாள். அவள் அப்பா பணியில் இருக்கும்போதே இறந்ததால் கிடைத்த வாரிசு வேலை. காலேஜில் கம்ப்யூட்டர் படித்தவள். என்னைவிடப் பதினாறு வயது இளையவள். வந்த முதல் வாரமே என் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் சேர்த்துக் கழுவி வைத்தாள். அப்படிப்பட்டவளைத்தான் வெறுத்தேன்.

அந்தச் சமயத்தில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தினசரி அறிக்கையை இனி இன்டர்நெட்டில் ஏற்ற வேண்டும், எக்ஸ்பியை நெட்டில் இணைக்கக் கூடாது, செலவில்லாத லினக்ஸ் சிஸ்டத்தைப் போட்டுக்கொள்ளவும் என்று. புது கம்ப்யூட்டர் கேட்டு எழுதினோம், வரவில்லை. எக்ஸ்பியை எடுத்துவிட்டால் என் புரோகிராம் போய்விடும். ராமலிங்கம் சார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "ரெண்டையும் ஒரே டிஸ்க்குல வெச்சுக்கலாம் சார். பிரிச்சுப் போட்டா ஒண்ணை ஒண்ணு தொடாது" என்றாள் சுகந்தி.

ஒரு சனிக்கிழமை வந்து போட்டுவிட்டாள். அதற்குப்பின் சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். மேல் வரி புதியது, கீழ் வரி பழையது. பத்து விநாடிக்குள் அம்புக்குறியைக் கீழே தள்ளாவிட்டால் புதியது தானாகத் திறந்துகொள்ளும். ஒருநாள் லஸ்கரோடு போனில் பேசிக்கொண்டே அம்புக்குறியைத் தள்ளாமல் விட்டுவிட்டேன். புதியது திறந்துவிட்டது. மூடி மறுபடி திறக்க நாலு நிமிடம். ராமலிங்கம் சார் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"சுகந்தி, பழையதை மேல வெச்சிடேன்" என்றேன்.

"வைக்கலாம்க்கா. ஆனா ரிப்போர்ட்டுக்குப் புதுசுதானே அடிக்கடி தேவைப்படுது?" என்றாள். கேட்டது நியாயம்தான். எனக்கு முகம் எரிந்தது.

அறையில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர், ஒரே நாற்காலி. காலையில் நான், பதினொரு மணிக்கு மேல் அவள், திரும்ப நான். அவள் உட்கார்ந்திருக்கும்போது சார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்ப்பார். மழை எவ்வளவு பெய்தது, மேல் அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்று எல்லாம் வண்ண வண்ணமாக வரும். ஆறு வருடத்தில் என் பக்கத்தில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நின்றதோடு சரி. ஏழே முக்கால் கேள்வியும் மெல்ல மெல்ல நின்றுபோனது. அவர் மறந்திருப்பார். நான் தினமும் ஏழே முக்காலுக்கு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மாதம் போனபின் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். சுகந்தி புதியதில் வேலை செய்து முடித்து, நான் பழையதைத் திறந்தால் மூலையில் இருக்கும் கடிகாரம் தப்பாகக் காட்டியது. பன்னிரண்டு மணிக்கு ஆறரை. ஒரு மணிக்கு ஏழரை. எப்போதும் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். காரணம் எனக்கு அப்போது தெரியாது. அவள் போட்ட புதியதால் வந்த வினை என்பது மட்டும் தெரிந்தது. அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று எழுதுவேன்? சம்பள உயர்வு வந்தபோதுகூட அப்படி இருந்ததில்லை.

சுகந்தியிடம் சொல்லவில்லை. சாரிடமும் சொல்லவில்லை. கடிகாரத்தைக் கையால் திருத்திவிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதினேன்: உண்மை நேரம் இத்தனை, காட்டிய நேரம் இத்தனை, திருத்தியது ஜெ. தினமும் எழுதினேன். பெரிய இன்ஜினியர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும்போது எல்லோர் முன்னாலும் அந்த நோட்டை எடுத்து வைக்க வேண்டும், சுகந்தி பக்கத்தில் நிற்க வேண்டும் என்று மனதில் படம் போட்டு வைத்திருந்தேன்.

ஐப்பசிக் கடைசியில் என் மகளுக்குச் சீர்காழியில் பிரசவம் என்று மூன்று நாள் லீவு போட்டேன். கிளம்பும் மாலை கடிகாரத்தைத் திருத்திவிட்டுத்தான் போனேன். நாளைக்கு யார் திருத்துவார்கள் என்ற நினைப்பு வந்தது. வந்ததை மறைப்பதற்கில்லை. மாட்டிக்கொள்ளட்டுமே என்றும் நினைத்தேன்.

அன்று இரவே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை ஆறு மணிக்குச் சுகந்தி தனியாக உட்கார்ந்து எல்லாப் போனையும் எடுத்திருக்கிறாள். ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததால் ஆறரை மணிவாக்கில் நாலைந்து மதகை அடைக்கச் சொல்லிக் கோட்டத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இருந்திருக்க வேண்டிய ஏழாம் நம்பரை விட்டுவிட்டார்கள். பதினொரு மணிக்கு அவள் புதியதைத் திறந்து அறிக்கை ஏற்றிவிட்டு, திரும்பப் பழையதற்கு வந்திருக்கிறாள். பதினொன்றரைக்கு ஏழாம் நம்பர் வாய்க்காலின் கரை இரண்டு மைல் கீழே உடைந்தது. அது யாருக்கும் இன்னும் தெரியாது. பதினொன்று ஐம்பதுக்குத்தான் ஏழாம் நம்பரையும் அடைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. லஸ்கர் கலியமூர்த்திக்கு அவள் போன் செய்தாள், பதிந்தாள். அவர் பன்னிரண்டு இருபதுக்குள் ஷட்டரை இறக்கிவிட்டு, உடைப்பு என்று கேள்விப்பட்டு ஓடி, அதை அடைக்க வைக்கோல் கட்டோடு தண்ணீரில் குதித்திருக்கிறார். உத்தரவு வந்த நேரத்தைக் காட்டியிருக்கக்கூடிய அவர் செல்போன் அதிலேயே போனது.

அறுபது ஏக்கருக்கு மேல், நட்டு ஒரு மாதமான சம்பாப் பயிர் மணலுக்கடியில் போயிற்று. ஜனங்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் முழுக்கக் கரண்ட் இல்லை. அதற்கடுத்த நாள் விசாரணைக்கு வந்த அதிகாரி ஏழாம் நம்பர் மதகின் செய்திகளை மட்டும் பிரித்து எடுக்கச் சொன்னார். தாளில் இரண்டே வரி. காலை ஆறு ஐந்து, கேஜ் அளவு. காலை ஆறு இருபது, மதகை அடைக்க உத்தரவு.

"உத்தரவு மதியம்தான் வந்துச்சுங்க" என்று கலியமூர்த்தி சொல்லியிருக்கிறார். சுகந்தியைக் கேட்டார்கள். "மதியம்னுதான் சார் தோணுது. ஆனா காலையிலேர்ந்து போன் ஓயவே இல்ல, நாலைஞ்சு மதகுக்கு அடைக்கச் சொன்னேன். உறுதியா சொல்ல முடியல" என்றாள். பெண்ணின் ஞாபகத்தைவிட மாற்றமுடியாத பதிவு பெரிதல்லவா? ஆறு மணி நேரம் தூங்கிவிட்டான் என்று எழுதி, அவரைச் சஸ்பெண்டு செய்தார்கள்.

நான்காம் நாள் பேத்தி பிறந்த சந்தோஷத்தில் லட்டு டப்பாவோடு அலுவலகத்துக்குப் போனேன். எல்லோரும் சொன்னார்கள். பழையதைத் திறந்து மூலையைப் பார்த்தேன். அன்றைய பதிவு முழுவதையும் ஓட்டினேன். உடைப்புக்கு மணல் மூட்டை அனுப்பச் சொன்ன செய்தி காலை ஏழே முக்கால் என்று பதிவாகியிருந்தது. கரை உடைந்ததே பதினொன்றரைக்கு. மழைக்காக மற்ற மதகுகளில் மாலை ஆறு மணிக்கும் எடுத்த கேஜ் அளவு மதியம் பன்னிரண்டரை என்று இருந்தது. ஐந்து நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அப்போதே எழுந்து சாரிடம் போயிருக்க வேண்டும். நோட்டை எடுத்து விரித்தேன். நாற்பத்து மூன்று பதிவு. அதைக் காட்டினால் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று தெரிந்தது. மூடி டிராயரில் வைத்துவிட்டு லட்டு கொடுக்கப் போனேன். சுகந்திமேல் விழும் என்று நான் காத்திருந்த கல் அவளைத் தொடவே இல்லை. ஒரு லஸ்கர்மேல் விழுந்துவிட்டது. அவள் மேல் விழவில்லையே என்ற ஏமாற்றமும் எனக்கு இருந்தது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

பதினொரு நாள் அப்படிப் போனது. பன்னிரண்டாம் நாள் காலை கலியமூர்த்தி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். கையில் மெமோ. அதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்கவேண்டும், அடித்துத் தரமுடியுமா என்றார். எங்கள் லஸ்கர்களுக்கு எல்லாம் நான்தான் அடித்துக் கொடுப்பேன்.

"சொல்லுங்க, அடிக்கிறேன்" என்றேன்.

"ஆறு இருவதுக்கு உத்தரவு வந்தது உண்மை. உடம்புக்கு முடியாம அசந்து தூங்கிட்டேன். மன்னிச்சு வேலையில சேர்த்துக்கணும். இப்படி எழுதுங்கம்மா."

"மதியம் வந்துச்சுன்னுதானே சொன்னீங்க?"

"அப்படித்தான் நெனச்சேன். ஒத்துக்கிட்டா சீக்கிரம் சேர்த்துக்குவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. கம்ப்யூட்டர்ல இருக்கிறது தப்பா இருக்குமா? நான்தான் தூங்கிட்டேனோ என்னவோ. என் பொஞ்சாதிகூட, 'நெசமாவே தூங்கிட்டியாய்யா'ன்னு கேக்குறா. இல்லைன்னு சத்தமா சொல்ல வரலம்மா."

'ஆறு இருபதுக்கு உத்தரவு வந்தது உண்மை' என்று அடித்தேன். அடுத்த வரிக்கு விரல் போகவில்லை. எந்தத் தாளையும் பாதியில் நிறுத்தாத டைப்பிஸ்ட் நான். "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு டிராயரைத் திறந்து நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ராமலிங்கம் சார் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். கையில் பென்சில் இருந்தது. ஒரு புள்ளியும் வைக்கவில்லை. கடைசிப் பக்கத்தை முடித்து, என் லீவுத் தேதியைப் பார்த்தார். சுகந்தியைக் கூப்பிட்டார். அவளும் நின்றபடியே படித்தாள். போய்க் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். நாங்கள் பின்னால் நின்றோம். பழையதில் கடிகாரத்தைச் சரியாக வைத்தாள். மூடினாள். புதியதைத் திறந்து, நெட் வந்ததும் மூடினாள். திரும்பப் பழையதைத் திறந்தாள். ஐந்தரை மணி நேரம் பின்னால்.

"பெட்டிக்குள்ள இருக்கிறது ஒரே கடிகாரம் சார். பழசு அதை நம்ம ஊர் நேரம்னு எடுத்துக்குது. புதுசு நெட்டைப் பார்த்து அதுல லண்டன் நேரத்தை எழுதிடுது. நான்தான் ரெண்டையும் போட்டேன். நான் பார்த்திருக்கணும்" என்றாள்.

சார் என் பக்கம் திரும்பினார். "நாப்பத்து மூணு நாள் எழுதியிருக்கீங்க ஜெசிந்தாம்மா. வந்து பதினொரு நாளும் ஆச்சு. என்கிட்ட வர்றதுக்கு எத்தனை அடி இருக்கும் உங்க மேஜையிலேர்ந்து?"

அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுகந்தி புதியதைத் திறந்து, ஒரு கறுப்புக் கட்டத்தில் ஒரே ஒரு வரி அடித்தாள். மூடித் திறந்து காட்டினாள். இரண்டிலும் ஒரே நேரம். அவ்வளவுதான். எழுந்து போகும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "சொல்லியிருந்தா ஒரு நிமிஷ வேலைக்கா." அதற்குப்பின் இதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், ஒருவிதத்தில் சமமாகியிருப்போம்.

சார் அன்றே அறிக்கை எழுதினார். நோட்டின் நகல், மணல் மூட்டைச் செய்தி, மாலைக் கேஜ் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினார். கலியமூர்த்தியின் சஸ்பென்ஷன் ரத்தானது. மேலிடத்தில் யார் அந்த ஒரு மதகை மறந்தார்கள் என்பதைப் பற்றி எந்தத் தாளும் எங்களுக்கு வரவில்லை. எனக்குக் கண்டனம் என்று பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறியது.

வேலையில் சேர்ந்த அன்று கலியமூர்த்தி ஒரு சீப்பு பூவன்பழத்தோடு வந்தார். நேராகச் சுகந்தியிடம் போனார். "கம்ப்யூட்டரைச் சரி பண்ணி எனக்குச் சோறு போட்டீங்கம்மா" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடும் அவளுக்குத்தானா என்று எனக்குப் பொறுக்கவில்லை. எந்த உரிமையில் என்று கேட்காதீர்கள். பொறுக்கவில்லை.

"நான் இல்லைங்க. கண்டுபிடிச்சது அக்காதான்" என்றாள் சுகந்தி.

அவர் என் பக்கம் திரும்பிக் கையைக் குவித்தார். வாங்கிக்கொண்டிருக்கலாம். சுகந்தி கொடுத்ததாயிற்றே என்பதால்தான் வாங்க முடியவில்லை.

"கும்பிடாதீங்க கலியமூர்த்தி. எனக்கு முன்னாடியே தெரியும். கடிகாரம் தப்புன்னும் தெரியும், நீங்க தூங்கலைன்னும் தெரியும். பதினோரு நாள் சும்மா இருந்தேன்."

அவர் குவித்த கை இறங்கியது. "எதுக்கும்மா?" என்றார். சுகந்தி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். "தெரியல" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

அவர் கோபப்படவில்லை. பழத்தைச் சுகந்தியின் மேஜையில் வைத்துவிட்டு, தண்ணீர் திறக்கிற நேரம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஏழாம் நம்பரிலிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"ஏழாம் நம்பர் மதகு. சுகந்தியம்மா இருக்காங்களா?"

"நான் எழுதிக்கிறேன், சொல்லுங்க."

"அவங்க வரட்டும்மா. அப்புறம் பண்றேன்."

வைத்துவிட்டார். நான் ஓய்வு பெறும்வரை அப்படித்தான். பத்து மதகின் அளவை நான் எழுதுவேன். ஏழாம் நம்பருக்கு மட்டும் சுகந்தி சீக்கிரம் பஸ் பிடித்து ஆறு மணிக்கே வந்துவிடுவாள். போன் அடித்தால் நான் எடுக்கமாட்டேன். நாற்காலியை விட்டு எழுந்து அவளுக்கு இடம் கொடுப்பேன். பின்னால் நின்று, அவர் சொல்வதை அவள் திருப்பிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். "மூணடி நாலு. சரிங்க. சாப்டீங்களா?" என்பாள். அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதில் எனக்குக் கேட்காது.